அமாவாசையன்று மாற்றிய பின்கண்ணாடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்தே சில வருசங்கள் ஓடிவிட்டன. ஒரு தடவை பேனா எடுத்து நாலு வரி எழுதினேன். சாமி விசயம், கூடப்பிறந்தவர் விசயம், இரண்டையும் காகிதத்தில் இழுத்துவிட நமக்கென்ன தகுதி என்று கிழித்துப் போட்டுவிட்டேன். எட்டாவதோடு நின்று தோப்புக்கு வந்தவன் நான். போன மாசம் வீட்டுக்காரிதான் சொன்னாள்: "ஊருக்குள்ள ஆளுக்கொரு கதை சொல்லிட்டுத் திரியறாங்க. நடந்ததை நீங்களே எழுதிப்போடுங்க. என்னைய விட்டுட்டு எழுதாதீங்க." அவளே சொன்ன பிறகுதான் தைரியம் வந்தது. அம்மனைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் தோப்பு கிணத்துக்கடவைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறது. முன்வீடு அண்ணனுடையது, பின்வீடு எங்களுடையது. இரண்டுக்கும் சேர்த்து வண்டி வந்துபோக ஒரே தடம். பாகம் பிரித்தபோது தடம் மட்டும் பொதுவில் நின்றது. நான் கார் வாங்கியதும் அந்தத் தடம் குறுகிப்போனது. நிழல் இருக்கிறதென்று வேப்பமரத்தடியில் நிறுத்துவேன். அண்ணனுடைய டிராக்டர் தேங்காய் ஏற்றிக்கொண்டு வரும்போது என் கார் குறுக்கே நிற்கும். ஹாரன் அடிப்பார், நான் ஓடிப்போய் எடுப்பேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் காரை எடுக்க நான் கொஞ்சம் தாமதமாகப் போய்விட்டேன். அண்ணன் டிராக்டரை விட்டு இறங்கி நின்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டால் பயமில்லை. மெல்லப் பேசினால்தான் பயம்.

"இன்னொரு நா இந்தத் தடத்துல இது நின்னா, கண்ணாடி முழுசா இருக்காது. சொல்லிப்போட்டேன்."

மறுநாள் உச்சிவெயிலில் நான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். கார் அதே தடத்தில்தான் நின்றது. நிழல் நகர்ந்துபோய் முழு வெயிலில் நின்றது. டமார் என்று பட்டாசு மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பின்கண்ணாடி முழுக்கச் சல்லி சல்லியாய்ப் பொடிந்து, உள்பக்கம் வெயிலுக்காக ஒட்டியிருந்த கண்ணுக்குத் தெரியாத ஃபிலிமில் பாய் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது. சுற்றுவட்டத்தில் ஆள் கிடையாது. அக்கட்ட, தடத்துக்கு அந்தப் பக்கம், தென்னமட்டை அடுக்கிக்கொண்டு அண்ணன் மட்டும் நின்றார்.

வீட்டுக்காரி நேராக அவரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏனுங் மாமா, நீங்க பண்ணுன வேலைங்களா இது?"

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மட்டையைக் கீழே போட்டுவிட்டு, "நாந்தான் ஒடச்சேன்னே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை போதுமே. இவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். வருகிற அமாவாசைக்கு ஆனைமலை மாசாணியம்மனிடம் போய் மிளகாய் அரைப்பது என்று.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு அநியாயம் நடந்து, செய்தவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பொம்பளைகள் அந்தக் கோயிலுக்குப் போவார்கள். அங்கே அம்மியில் வரமிளகாய் அரைத்து, நியாயம் கேட்டு நீதிக்கல்லில் பூசுவார்கள். செய்தவனுக்கு அந்த எரிச்சல் போய்ச் சேரும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. எனக்கு அது நிச்சயம். அதனால்தான் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனுடைய மருமகள் அப்போது எட்டு மாசம். பூசுகிற மிளகாய் அண்ணனோடு நிற்குமா, அந்த வீட்டுக்குள் போகுமா என்று யாரைக் கேட்பது?

"மருமக வயித்துல புள்ளை இருக்குதே, யோசிச்சியா?" என்று கேட்டேன்.

"கண்ணாடியை ஒடைக்கறதுக்கு மின்ன அவரு யோசிச்சிருக்கோணும்" என்றாள்.

அமாவாசை காலையில் கண்ணாடி மாற்றக் கோயமுத்தூர் போனோம். மாற்றிவிட்டு அதே காரில் நேராக ஆனைமலை போவது என்று அவள் ஏற்பாடு. அவள் மடியில் மஞ்சள் பை. உள்ளே மிளகாய். வழிநெடுக, குழியில் இறங்கும்போதெல்லாம் பின்னால் கண்ணாடிச் சல்லி கலகலவென்று உதிர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கடை சுங்கத்துக்குப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. கடைக்காரருக்கு என் வயசு இருக்கும். நெற்றியில் திருநீறு, வாயில் ஓயாத பேச்சு. காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சாமி, இந்தக் காருக்கு மூணு தினுசுல பின்கண்ணாடி வருதுங்க. மூணும் இதே அளவுல உக்காரும். எது வேணும்?" என்றார்.

"கண்ணாடின்னா கண்ணாடிதானுங்க" என்றேன்.

"அப்படிச் சொல்லித்தான் போன வாரம் ஒருத்தர் வெறும் கண்ணாடியை மாட்டிட்டுப் போனாரு. மறுநா ஃபோன் பண்ணி ரேடியோ பாடலைங்கறாரு."

பேசிக்கொண்டே அவரும் இன்னொரு ஆளும் சேர்ந்து உள்ளிருந்து ஒரு மெல்லிய கம்பியை விட்டு, கண்ணாடி ஓரத்துப் பசையை அறுத்தார்கள். ஃபிலிமோடு சேர்ந்து பழைய கண்ணாடி ஒரே துண்டாக வந்தது. சாக்கை விரித்து அதன் மேல் படுக்க வைத்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் சல்லி கொட்டியது. இவள் குனிந்து ஒரு கை அள்ளினாள்.

"கையக் கிழிச்சுடப் போவுது" என்றேன்.

"கிழிக்காதுங்க. பின்கண்ணாடி ஒடஞ்சா கத்தி மாதிரி நீளமா ஒடையாம, கல்கண்டு மாதிரி பொடியோணும்னே சுட்டு எடுக்கறாங்க. முன்கண்ணாடி வேற, அது ரெண்டு கண்ணாடியை நடுவுல ஒட்டுனது. ஆமா, அதை எதுக்குங்க அம்மணி அள்ளறீங்க?"

"சாட்சிக்கு" என்றாள்.

அந்தச் சல்லியை முந்தானையில் முடிந்துகொண்டு, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். மாட்டிய பிறகு பசை பிடிக்கிற வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாது, மத்தியானம் தாண்டிவிடும் என்றார் அவர். அவ்வளவுதான்.

"அதுக்குள்ள அமாவாசைக் கூட்டம் ஏறிப்போயிரும். நான் உக்கடம் போயி பஸ் ஏறிக்கறேன். நீங்க கண்ணாடியப் பாருங்க."

"கொஞ்சம் பொறு, ரெண்டு பேரும் போலாம்."

"நீங்க வந்தா என்னைய அரைக்க விட மாட்டீங்க. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

போய்விட்டாள். நான் தடுக்கவில்லை என்று சொல்ல முடியாது, தடுத்தேன் என்றும் சொல்ல முடியாது. கடை வாசலில் நின்று அவள் ஆட்டோ ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கடைக்காரர் என்னை உள்ளே கூப்பிட்டார். புதுக் கண்ணாடியை எடுத்து வந்து பழையதற்குப் பக்கத்தில் வைத்து, "ரெண்டையும் ஒத்துப் பாத்துக்கலாம் வாங்க" என்றார்.

குறுக்கே ஓடுகிற காவி நிறக் கோடுகளை நான் அழகுக்குப் போட்டது என்றே நினைத்திருந்தேன். அது சூடு பண்ணுகிற கோடாம். வால்பாறை, ஊட்டிப் பக்கம் பனியில் கண்ணாடி மங்கினால் உள்ளே ஒரு சுவிட்சு இருக்கிறது, அழுத்தினால் கோடு சூடாகிப் பனி விலகுமாம். அந்தச் சுவிட்சை வாங்கின நாளிலிருந்து நான் தொட்டதில்லை. மேலே தனியாக வளைந்து போகிற ஒல்லிக் கோடு ரேடியோவுக்கு ஏரியல். ஓரத்தில் சுற்றிலும் இருக்கிற கறுப்புப் பட்டை, அதை ஒட்டின புள்ளிகள் எல்லாம் அடியில் இருக்கிற பசையை வெயில் தின்றுவிடாமல் மறைப்பதற்கு. மூலையில் பொடி எழுத்தில் ஒரு முத்திரை. சுட்ட கண்ணாடியா, ஒட்டின கண்ணாடியா என்று அதில்தான் பார்க்க வேண்டுமாம். பழையதில் நாங்கள் ஒட்டியிருந்த குலதெய்வம் ஸ்டிக்கரைக் காட்டி, "கோட்டு மேல ஒட்டாதீங்க சாமி, உரிக்கறப்ப கோடும் கூட வந்துரும். ஒரு எடம் அறுந்தா அந்தக் கோடே செத்துரும். சாமியை மேல வெறும் எடத்துல வெச்சுக்குங்க" என்றார்.

நான் தலையாட்டினேனே தவிர மனசு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. ஈச்சனாரி தாண்டியிருப்பாள், கிணத்துக்கடவு வந்திருப்பாள் என்று.

கோடு சேருகிற மூலையைத் தடவிப் பார்த்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். பழைய கண்ணாடியின் அடிப்பக்கம் இடது ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது எப்படி ஒடஞ்சதுன்னு சொன்னீங்க?"

"கல்லுல அடிச்சுப்போட்டாங்க."

"யாருங்க சொன்னது? இங்க பாருங்க."

குனிந்து பார்த்தேன். ஃபிலிம் பிடித்து வைத்திருந்ததால் விரிசல் போன வழியெல்லாம் அப்படியே தெரிந்தது. விசிறி மாதிரி எல்லாம் அந்த ஒரே மூலையிலிருந்து கிளம்பியிருந்தது. நடுவில் எங்கும் அடி விழுந்த குழி இல்லை. மூலையில், ஓரத்து விளிம்பில், நகம் அளவுக்கு ஒரு சில்லுப் பெயர்ந்து, அதில் வெள்ளி மாதிரி ஒரு தேய்ப்பு.

"கல்லுன்னா விழுந்த எடத்துல மாவா இடிஞ்சிருக்குமுங்க. இது உள்ளிருந்து இரும்புச் சாமான் ஏதோ ஓரத்துல இடிச்சிருக்குது. சுட்ட கண்ணாடிக்கு நடுவுல அடிச்சாக்கூடத் தாங்கும், ஓரத்துல ஒரு சில்லுப் போனா போச்சு. அப்பவே ஒடையாது. சும்மா இருக்கும். ரெண்டு மூணு நா கழிச்சு நல்ல வெயில்ல நிக்கறப்ப தானா வெடிக்கும். பெருசா ஏதாவது ஏத்துனீங்களா?"

திரும்பிக் காரின் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

கிரைண்டர். கண்ணாடி வெடிப்பதற்கு இரண்டு மூன்று நாள் முந்தின முகூர்த்தத்தில் என் மைத்துனன் வீட்டுப் புதுமனைக்குச் சீர் கொண்டுபோனோம். பெரிய கிரைண்டர், கீழே இரும்புக் கால் வைத்தது. பின்கதவு சாத்த மாட்டேன் என்றது. நான் வெளியிலிருந்து அமுக்க, இவள் உள்ளே உட்கார்ந்து கிரைண்டரை இழுத்துப் பிடிக்க, மூன்றாவது அமுக்கில்தான் கதவு விழுந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பூட்டு விழுந்த சத்தம் என்று நினைத்தோம். பின்கதவின் உள்பக்கத்து பிளாஸ்டிக்கில் போய்ப் பார்த்தேன். அதே உயரத்தில் அதே இடத்தில் ஒரு பள்ளம்.

எனக்கு அண்ணனை நினைத்துப் பயம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. 'கண்ணாடியை ஒடச்சவங்களைப் பாத்துக்கோ தாயே' என்று இவள் பூசிவிட்டால் அது யாரைத் தேடி வரும்? அண்ணன் பேரைச் சொல்லிப் பூசினால் ஒன்றும் அறியாதவர் மேல் பூசினதாகும். எப்படிப் பூசினாலும் வினை.

ஃபோன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். பஸ்ஸில் அவளுக்கு ஃபோன் சத்தம் கேட்காது, கேட்டாலும் என் பேரைப் பார்த்தால் எடுக்க மாட்டாள். இங்கிருந்து நான் பறந்தாலும் அவளுக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. என் கார் முதுகு திறந்து கிடக்கிறது. ஊரில் யாரை அனுப்புவது? சொந்தத்தில் ஒருத்தரிடம் சொன்னால் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி. எங்கள் தோப்பிலிருந்து வண்டியில் கிளம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேரக்கூடிய ஆள், விசயம் தெரிந்தால் போயே ஆக வேண்டிய ஆள் ஒருவர்தான். சண்டைக்குப் பிறகு நான் பேசாத ஆள்.

கடைக்காரர் டியூபிலிருந்து கறுப்புப் பசையைக் கண்ணாடி விளிம்பைச் சுற்றி ஒரே கோடாக இழுத்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தக் கூடாதாம், அதனால் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். நான் வாசலில் நின்று அவருக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணா, நாந்தானுங்க."

"ம்."

"கண்ணாடி தானா வெடிச்சதுங்கண்ணா. கிரைண்டர் ஏத்துனப்ப நாங்களே ஓரத்துல இடிச்சுப்போட்டோம். இப்பத்தான் கடையில பாத்துச் சொன்னாங்க."

"அதைச் சொல்றதுக்கா கூப்புட்ட?"

"இல்லீங்க. அவ ஆனைமலை போயிருக்கறா. ஃபோன் எடுக்க மாட்டேங்கறா."

அந்தப் பக்கம் தூரத்தில் கோழி கத்துவது கேட்டது.

"மொளகாய்க்கா?"

"ஆமாங்க."

"எம் பேர்லயா?"

"ஆமாங்கண்ணா."

ஃபோனை வைத்துவிட்டார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு போன நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியை உறிஞ்சுப் பிடியில் தூக்கி, கதவில் வைத்து, ஓரமெல்லாம் அமுக்கி, நகராமல் டேப் ஒட்டினார்கள். கோட்டுக்கு வருகிற ஒயரைச் சொருகி விளக்கு வைத்துச் சோதித்தார்கள். "கதவை ஓங்கிச் சாத்திராதீங்க. எல்லாக் கண்ணாடியும் ஏத்தி வெச்சுட்டு ஓங்கிச் சாத்துனா உள்ள இருக்கற காத்து புதுக் கண்ணாடியைத்தான் தள்ளும். பக்கத்துக் கண்ணாடியை ரெண்டு விரக்கடை எறக்கி வெச்சுக்குங்க" என்றார். நான் சரி சரி என்றேன். வாய் சரி என்றது, உள்ளே 'தாயே, தாயே' என்றுதான் ஓடியது. அம்மனிடமே அம்மனைத் தடுக்கச் சொல்லி வேண்டுகிற நிலைமை. இப்படி ஒரு வேண்டுதல் அதற்கு முன்னும் நான் வேண்டியதில்லை, பின்னும் வேண்டியதில்லை.

கடைசியில் அவள் நம்பரிலிருந்து ஃபோன் வந்தது.

"பூசிட்டியா?" என்றேன்.

அழுகிறாள். பிறகு, "மாமா வந்திருக்கறாரு" என்றாள்.

அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. அவள் சொன்னது இது. அவள் மிளகாயை அரைத்து முடித்துவிட்டாள். கண்ணாடிச் சல்லியை முந்தானை முடிச்சோடு பக்கத்தில் வைத்திருக்கிறாள். விழுதை வழித்துக் கையில் எடுத்தபோது பக்கத்தில் ஒரு நிழல். நிமிர்ந்தால் அண்ணன். தோப்பில் கட்டியிருந்த அழுக்கு வேட்டியோடு, சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடாமல்.

"அம்மணி, தம்பி ஃபோன் பண்ணுனான். கண்ணாடி தானா வெடிச்சதாம். கிரைண்டர் இடிச்சிருக்குதாம்."

"உங்களைக் காப்பாத்த அவரு பொய் சொல்றாரு."

"அவனுக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா பாகம் பிரிக்கறப்பவே சொல்லியிருப்பான். செரி, உனக்கு நம்பிக்கை இல்லைன்னா பூசு. எம் பேரைச் சொல்லியே பூசு. நான் இங்கயே நிக்கறேன்."

அவர் நின்றார். இவளுக்குக் கை எழவில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா, "ஏனுங், பூசறதுன்னா பூசுங்க, இல்லாட்டி எந்திரிச்சு அம்மியை உடுங்க. எனக்குப் பெரிய பஞ்சாயத்தே கெடக்குது" என்று சத்தம் போட்டிருக்கிறது.

"அப்புறம் ஏனுங் மாமா அன்னைக்கு நாந்தான் ஒடச்சேன்னு சொன்னீங்க?" என்று இவள் கேட்டாளாம்.

"கேட்டவ நீ. கூடப்பொறந்தவன் பக்கத்துல நின்னுட்டு, எங்கண்ணன் அப்படிச் செய்ய மாட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. அதுக்குத்தான்."

இதை அவள் எனக்கு ஃபோனில் சொன்னாள். நான் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் எழுந்து போய் விழுதைக் கழுவி விட்டுவிட்டாள். அரைத்த கை எரிந்திருக்கிறது, கண்ணைத் துடைத்ததில் கண்ணும் எரிந்திருக்கிறது. விளக்குக்கு விற்கிற எண்ணெய் வாங்கி வந்து அண்ணன்தான் அவள் உள்ளங்கையில் ஊற்றினாராம். தம்பி பொண்டாட்டியை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவரும் பழக்கம் எங்களில் இல்லை. அதனால் பஸ் ஏற்றிவிட்டு, அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஊர் வரைக்கும் வண்டியில் வந்திருக்கிறார்.

நான் பசை பிடித்த பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். காரைத் தடத்துக்குள் விடாமல் வெளியே ரோட்டோரம் நிறுத்திவிட்டு முன்வீட்டுக்குப் போனேன். அண்ணன் டிராக்டருக்குக் கீழே படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அன்னைக்கு நான் சொல்லியிருக்கோணுங்க" என்றேன்.

"அந்த ஸ்பேனரை எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். மறு வாரம் தடத்தை ஒட்டி அவருடைய பக்கத்தில் இரண்டு தென்னைக்கு நடுவில் மண் கொட்டிச் சமன் பண்ணியிருந்தார். இங்கே நிறுத்து என்று வாயால் சொல்லவில்லை. நான் நிறுத்தினேன்.

மருமகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனது. அதையும் இதையும் முடிச்சுப் போட எனக்கு அருகதை இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அடுத்த அமாவாசைக்குப் போய் அம்மனைக் குளிர்விக்கிற எண்ணெய்க்காப்பு செய்துவிட்டு வந்தோம்.

ஊருக்குள் இப்போது இதை மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அம்மன் கண்ணாடியில் தெரிந்தாள் என்கிறார்கள். அண்ணன் அம்மன் காலில் விழுந்து அழுதார் என்கிறார்கள். என் வீட்டுக்காரி பூசியேவிட்டாள், பூசின கை வெந்துபோனது என்கிறார்கள். இப்படி எதுவும் நடக்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொன்னால் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் சேர்க்காமல், குறைக்காமல் சொல்லுங்கள். அண்ணனை மகானாக்க வேண்டாம், அவள் பூசவில்லை என்பதை விட்டுவிட வேண்டாம். நான் பக்கத்தில் நின்றும் பேசாமல் இருந்தேன் என்பதையும் அப்படியே சொல்லுங்கள்.